கேருக்ஸ்: பிறர் சொல்லைச் சுமந்த குரல்

பண்டைக் கிரேக்கத்தில் அரசனின் ஆணையையோ ஊரவையின் முடிவையோ உரக்க அறிவித்த ஊழியருக்குக் ‘கேருக்ஸ்’ என்று பெயர். கட்டியக்காரர், முரசறைவோர், தூதர் என்று தமிழ் மூவருக்குப் பிரித்துக் கொடுத்த வேலையை அவர் ஒருவரே பார்த்தார். ஏதென்ஸ் மக்களவையில் பேச விரும்புவோர் யார் என்று கேட்டு அழைத்தவர் அவர். போர்க்காலத்தில் எதிரியின் பாசறைக்குள் ஆயுதமின்றி நுழைந்தவரும் அவரே. கையிலிருந்த கோல்தான் காப்பு. ஹெர்மெஸ் கடவுளின் கையில் இரு பாம்புகள் பின்னிக் காணப்படுவது அந்தக் கோலே. மருத்துவச் சின்னமாக அதைப் போடுவது பிற்காலக் குழப்பம்.

சொல் அவருடையதல்ல என்பதால்தான் அவர்மேல் கை வைக்கக் கூடாது. ஹோமரின் இலியட் முதல் காண்டத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. பிரிசேயிஸ் என்ற பெண்ணை வீரன் அக்கிலீஸிடமிருந்து கொண்டுவர தல்திபியஸ், யூரிபேட்டஸ் என்ற இரு கேருக்ஸ்களைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோன் அனுப்புகிறான். மனமில்லாமல் கடற்கரையோரம் நடந்துவந்த இருவரும் அக்கிலீஸ் முன் வாய் திறக்க அஞ்சி நின்றுவிடுகிறார்கள். கடுஞ்சினத்தில் இருக்கும் அக்கிலீஸோ அவர்களை அருகே அழைத்து, குற்றம் அனுப்பியவனுடையது என்கிறான். கேருக்ஸின் தகுதியை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சட்டநூலும் சொல்லிவிட முடியாது.

இந்த மரபை மீறியதும் உண்டு. அடிபணிதலின் அடையாளமாக மண்ணும் நீரும் கேட்டுப் பாரசீக மன்னன் தாரியஸ் அனுப்பிய தூதர்களை ஸ்பார்ட்டர்கள் கிணற்றில் தள்ளி, வேண்டியதை அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பின்னர் நிமித்தங்கள் கெட்டுப்போக, அகமெம்னோனின் அந்தப் பழைய தூதன் தல்திபியஸின் சினமே காரணம் என்று அஞ்சிய ஊரார் பரிகாரம் தேடினர். ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்ற இரு பிரபுக்கள் உயிரைக் கொடுக்க முன்வந்து பாரசீகம் சென்றனர். ஸ்பார்ட்டா செய்த தவற்றைத் தானும் செய்ய விரும்பாத செர்க்சஸ் மன்னன் அவர்களைக் கொல்லாமல் திருப்பி அனுப்பினான்.

ஒலிம்பியாவில் கேருக்ஸ் வென்றவரின் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் அறிவித்தார். பட்டமளிப்பு மேடையில் பட்டதாரிகளின் பெயரையும் துறையையும் வாசிப்பவர் செய்வதும் ஏறத்தாழ அதே வேலை. கி.மு. 396 முதல் அறிவிப்பாளர்களுக்கென்றே அங்கு தனிப் போட்டியும் நடந்தது.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது: தீமோத்தேயு நிருபங்கள் இரண்டிலும் அப்போஸ்தலர் பவுலைக் குறித்து, இன்னொன்றில் நோவாவைக் குறித்து. அந்த நிருபங்களின் தமிழ் மொழிபெயர்ப்பு ‘பிரசங்கி’ என்கிறது. பழைய ஏற்பாட்டு நூலொன்றின் தலைப்பும் அதுவே. ஆனால் அந்நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள சொல் வேறு, அவையைக் கூட்டிப் பேசுபவர் என்ற பொருளுடையது. கேருக்ஸ் என்பதன் வினைவடிவமோ புதிய ஏற்பாட்டில் அடிக்கடி வருகிறது. இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்த இடத்துக்கு அருகிலிருந்த கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, ஓட்டத்தையும் குத்துச்சண்டையையும் சொல்லிவிட்டு அதே வினையைப் பவுல் கையாள்கிறார்: பிறருக்கு அறிவித்த தானே தகுதியிழந்துவிடக் கூடாதே என்பது அவருடைய கவலை. போட்டியாளர்களைக் களத்துக்கு அழைத்த பழைய கேருக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை; அவர் ஓட வேண்டியதில்லை.