நிலத்தின் வாட்டம் அறிந்து பணி செய்வோம்

(சேக்காட்டில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் நம் மாநிலத்தின் நில அமைப்பைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். மலையும் ஆறும் கடலும் பள்ளிப் பிள்ளைகளின் பாடமாயிற்றே, அதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் சாலை போடுவதும், ஏரி தூர் வாருவதும், கட்டடம் எழுப்புவதும் நிலத்தின்மீதுதான். அதன் இயல்பை அறியாது செய்த வேலையின் குறையை முதற் பெருமழையே எடுத்துக்காட்டிவிடும்.

தமிழ்நாட்டின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. நீலகிரியிலுள்ள தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியை இம்மலை தடுத்துவிடுகிறது. அதற்குக் கிழக்கே மேட்டு நிலம், அதையடுத்து ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை என்று தொடர்பற்று நிற்கும் கிழக்குத் தொடர்ச்சிக் குன்றுகள், பின்னர் சமவெளி. முடிவில் பழவேற்காட்டு உப்பங்கழி முதல் காவிரிக் கழிமுகம், வேதாரண்யத்துச் சதுப்பு, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரி எனப் பல வடிவங்கொண்ட கடற்கரை. அதன் நீளம் 1,000 கிலோமீட்டருக்கும் அதிகம். மேற்கு உயரம், கிழக்கு தாழ்வு. ஆகையால் நம் பெரிய ஆறுகள் யாவும் கிழக்கு நோக்கியே பாய்கின்றன.

இனி, நாம் கூடியிருக்கும் இடத்துக்கு வருவோம். சேக்காட்டிலிருந்து கடல் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ளது. இவ்விடத்தின் உயரமோ ஏறத்தாழ முப்பது மீட்டர்தான். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவே நிலம் சாய்கிறது. நம் கண்ணுக்கு இது தட்டையான வெளி. ஆனால் நம் கண்ணுக்குப் புலப்படாத வாட்டம் தண்ணீருக்குப் புலப்படும். ஒரு முழ உயரமுள்ள சாலை குறுக்கே நின்றாலும் வெள்ளம் திசை மாறிப் பக்கத்துத் தெருவில் புகுந்துவிடும்.

இந்தச் சமவெளியின் மேற்பரப்பில் பெரும்பகுதி ஆறுகள் கொணர்ந்து பரப்பிய வண்டலும் மணலும் ஆகும். இன்று கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கும் பாலாறு, பழங்காலத்தில் வடகிழக்காகப் பாய்ந்தது என்றும், இப்போது கொசஸ்தலையாறு செல்லும் தடம் அதன் பழைய வழியே என்றும் நிலவியல் அறிஞர் கருதுகின்றனர். ஆறு சென்ற வழியில் மணலும் கூழாங்கல்லும் தங்கின. வெள்ளம் தேங்கிய இடத்தில் களிமண் படிந்தது. ஒரு கொல்லையில் கிணறு நன்றாக ஊறுவதும், அடுத்த கொல்லையில் வறண்டு கிடப்பதும் இதனால்தான்.

இந்த மெல்லிய சாய்வை அளந்தறிந்து, நம் முன்னோர் ஏரிகளை அமைத்தனர். அணை கட்டத்தக்க பள்ளத்தாக்குகள் இங்கு இல்லை. ஆகவே, சாய்வுக்குக் குறுக்கே நீண்ட கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லுமாறு செய்தனர். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்வதைக் காண்கிறோம். மேலூரின் கலங்கல் நீரே கீழூரின் வரத்து நீர். மாநிலத்தில் இத்தகைய ஏரிகள் ஏறத்தாழ 39,000 உள்ளன.

இச்சங்கிலி அறுந்தால் விளைவது என்ன? 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறத்தாழ வறண்டன. இடையில் நான்கு ஆண்டுகளே. அளவு கடந்த மழையும், பொய்த்த மழையும் காரணமே. எனினும் தூர்ந்த கால்வாய்களும் மறைந்த தாங்கல்களும் இரு துன்பங்களையும் பெருக்கின.

இங்கு ஓர் உண்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக்கிரமிப்பு என்றதும் பிறரையே சுட்டுகிறோம். ஊருக்கு ஒரு பொதுக்கட்டடம் தேவை என்றால், நம் கண்ணில் முதலில் படுவது தாங்கல் புறம்போக்குத்தானே? ஆண்டில் ஒன்பது மாதம் காய்ந்து கிடப்பதால் அது வெற்றிடமாகிவிடாது. எஞ்சிய மூன்று மாதத்துக்காகவே அது விடப்பட்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் மாநிலச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தைப் பிறருக்கு எடுத்துக்கூறும் தகுதி நமக்கு வேண்டுமானால், நாம் முதலில் தாங்கலில் கட்டுவதைக் கைவிட வேண்டும்.

நாம் செய்யத்தக்க பணிகள் சில உள. ஐப்பசி மழைக்கு முன் கிராம வரைபடத்துடன் வரத்துக் கால்வாயை மேலிருந்து கீழ்வரை நடந்தே பார்வையிடுவோம். சாலை போடுமுன், மழைநீர் எங்கே குறுக்கிட்டது என்று முதியோரைக் கேட்டு, அங்கே போதிய அகலமுள்ள சிறுபாலம் அமைப்போம். தூர் வாரும்போது மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வரைமுறையின்றித் தோண்ட வேண்டாம். அப்பள்ளத்து நீர் தானாக வயலுக்கு ஏறாது. அடியிலுள்ள களிப்படலம் உடைந்து மணல் வெளிப்பட்டால் ஏரியில் நீரும் நில்லாது. கலங்கலை நம் விருப்பப்படி உயர்த்தவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஏரிகள் ஊராட்சி ஒன்றியப் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் உள்ளன. எது எவரிடம் என்றறிந்து மனுச் செய்வோம். யாவற்றுக்கும் மேலாக, மேலூர்ப் பஞ்சாயத்தும் கீழூர்ப் பஞ்சாயத்தும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒன்றாக அமர்ந்து பேசட்டும்.

சேக்காடு இன்று ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. நகரம் இத்துடன் நிற்கப்போவதில்லை. நம் ஊர்களுக்கும் வரும். அது வருமுன் ஏரிக்கும் கால்வாய்க்கும் உரிய இடத்தை நாம் குறித்துக் காத்துவிட்டால், பின்வரும் வீடுகளும் பிழைக்கும். எஞ்சிய வயல்களும் விளையும்.