பறிக்கிறதுக்கு முன்னாடி விலையைச் சொல்!

(தர்ணா போராட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்றைக்கு நாம் தள்ளுபடி கேட்டு வரவில்லை. மானியம் கேட்டும் வரவில்லை. அதற்கெல்லாம் தனியாக ஒருநாள் உட்காருவோம். இன்றைக்கு நாம் கேட்பது ஒரு தகவல். நாம் விளைவித்த காய் இன்றைக்கு மார்க்கெட்டில் என்ன விலைக்குப் போனது என்பதை, நாளைக்குப் பறிக்கிறதுக்கு முன்னாடி, நம்ம ஊரில் வைத்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இதுக்கு ஒரு தர்ணாவா என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீப்பெட்டி வாங்கினால் அட்டையில் விலை போட்டிருக்கிறது. உர மூட்டையில் விலை, பூச்சிமருந்து டப்பாவில் விலை. நம்முடைய தக்காளிப் பெட்டிக்கு மட்டும் வண்டி வாடகை கொடுத்து, இறக்கி வைத்து, காத்துக் கிடந்த பிறகு, வாங்குகிறவன் வாயிலிருந்துதான் விலை வருகிறது. அப்போது பிடிக்கவில்லை என்றால் என்ன செய்யறது? திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து செடியில் ஒட்டவைக்க முடியுமா?

கணக்கைப் பாருங்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கு. பெட்டி 120 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 12 போய்விடும். வண்டி வாடகை 20, இறக்குக்கூலி 3, பறிப்புக்கூலி 25. கையில் நிற்பது 60. இதே பெட்டி 70க்குப் போனால் கமிஷன் மட்டும்தான் 7 ஆகக் குறையும், மற்றது அப்படியே இருக்கும். கையில் நிற்பது 15 ரூபாய். அதில் நாற்று, உரம், மருந்து, தண்ணீர், வீட்டு ஆள் உழைப்பு எல்லாம் அடக்கம்! மார்க்கெட் விலை பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, நம்ம கைக்கு வருவது கால் பங்காக இறங்கிவிடுகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்றார்கள். பழமொழி சொன்னவருக்குக் கணக்குப் பார்க்க விலையாவது தெரிந்திருக்கும் போல!

70 ரூபாய்தான் என்று முந்தின நாள் சாயங்காலமே தெரிந்தால், முழுசாகப் பழுக்காத செங்காயை இரண்டு நாள் செடியிலேயே விடலாம். நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டி பிடிக்கலாம். இல்லை, பக்கத்துச் சந்தைக்குக் கொஞ்சம் பிரித்து அனுப்பலாம். தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2000ல் மத்திய அரசு அக்மார்க்நெட் தொடங்கியது. 2004ல் கிசான் கால் சென்டர் வந்தது, 1800-180-1551க்குக் கூப்பிட்டால் தமிழில் பேசுகிறார்கள். 2016 ஏப்ரலில் இ-நாம் வந்தது. 2018ல் நம் மாநிலத்தில் உழவன் செயலி வந்தது. ஆனால் நாம் தேடிப் பார்க்கும்போது கிடைப்பது பெரும்பாலும் பழைய விலை. குறைந்த விலை, அதிக விலை என்று போட்டிருக்கும். அதிக விலை யாருக்குக் கிடைத்தது என்று இருக்காது. கமிஷன், கூலி போக எவ்வளவு என்று எவனும் சொல்வதில்லை. இ-நாம் என்பது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தோடு சேர்ந்தது. நிலக்கடலை, கொப்பரை, பருத்தி கொண்டுபோகிறவருக்கு அங்கே மறைமுக ஏலம் இருக்கிறது, ஒரு தராசு இருக்கிறது. நம்ம தக்காளியும் கத்தரியும் முருங்கையும் போவது கமிஷன் மண்டிக்கு. அப்புறம் இன்னொன்று. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் பையன் கையில், அவன் திருப்பூரில். காட்டில் காய் பறிக்கிற அம்மாவுக்கு யார் செயலியைத் திறந்து காட்டுவது?

எங்கள் ஊரில் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நம்மூர்த் தம்பி ஒருவர் சாயங்காலம் போனில் ஐந்து காய்க்கு விலை சொல்வார். பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை. பால் ஊற்ற எப்படியும் எல்லோரும் வருவார்கள், பெண்கள்தான் அதிகம் வருவார்கள். சாக்பீஸால் எழுதிவிடுவோம். முதல் வாரத்திலேயே, "அண்ணே, இன்னைக்கு வெண்டை போடலாமா வேணாமா" என்று பலகை முன்னாடி நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று மாதம் நன்றாக நடந்தது. பிறகு அந்தத் தம்பிக்கு ஒரு மண்டியில், "வேலை வேணுமா, போன் பேசணுமா" என்று கேட்டுவிட்டார்கள். குடும்பஸ்தர், நாம் அவரைக் குறை சொல்லவில்லை. பலகை இப்போதும் சுவரில் இருக்கிறது, கடைசியாக எழுதின விலையோடு.

புதுச்சேரிப் பக்கம் 1998லேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் தகவல் மையம் வைத்தது. வில்லியனூரிலிருந்து தகவல் அனுப்புவார்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் என்பதை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 சுனாமியன்று நல்லவாடு கிராமத்தில் அந்த ஒலிபெருக்கியில்தான் ஊரை எச்சரித்து ஜனங்களை வெளியேற்றினார்கள். அலைக்கு ஒலிபெருக்கி கட்ட முடிந்தது. விலைக்குக் கட்ட முடியாதா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் காது கேட்கும்.

சரி, விலை தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. இதை நாம் மறைக்காமல் பேச வேண்டும்.

வட கேரளக் கடற்கரையில் 1997க்கும் 2001க்கும் நடுவில் செல்போன் படிப்படியாக வந்தது. அதுவரை ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள். பதினைந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு துறையில் வியாபாரி வெறுங்கையோடு நிற்பார். போன் வந்தபின் கடலிலிருந்தே கேட்டு, விலை இருக்கிற துறைக்குப் படகைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007ல் எழுதினார். ஆனால் மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் விலை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2012ல் வெளிவந்தது. விற்ற விலையில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை!

ஏன்? படகு திரும்பும். நாம் திரும்ப முடியாது. நடவுக்கு முன்பணம் வாங்கிய மண்டிக்குத்தான் காய் போக வேண்டும். வேறு மண்டியில் பெட்டிக்கு 30 ரூபாய் கூட என்று தெரிந்தால் வயிறுதான் எரியும். மத்தியப் பிரதேசத்தில் 2000 முதல் ஒரு கம்பெனி ஊர் ஊராகக் கணினி வைத்து சோயா விலையைக் காட்டியது, தானே நேரடியாக வாங்கவும் செய்தது. மண்டி விலையே 1 முதல் 3 சதவீதம் ஏறியது என்று ஆய்வில் வந்தது. கம்பெனியைப் புகழ நாம் மேடை போடவில்லை, அதற்கு அதன் லாபம். ஆனால் விலையும் தெரிந்து, போக இன்னொரு வாசலும் இருந்தால்தான் நமக்கு மரியாதை என்பது அதிலிருந்து தெரிகிறது.

அந்த வாசல் அரசாங்கத்துக்குத் தெரியாததா? 1999ல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியது. தினமும் காலையில் பலகையில் விலை எழுதுகிறார்கள், எல்லோரும் பார்க்கிறார்கள், யாரும் மறைப்பதில்லை. ஆனால் அங்கே தலைச்சுமை, டிவிஎஸ் வண்டிச் சுமைதான் விற்க முடியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். நல்லது, டவுன் ஜனமும் நம் ஜனம்தான். விலை ஏறும்போது திறக்கத் தெரிந்த கடை, விலை விழுந்து நாம் ரோட்டோரம் கொட்டும்போது எங்கே போனது?

ஆகவே மனுவில் எழுதியிருப்பதைச் சொல்கிறோம். ஒவ்வொரு காய்கறி மார்க்கெட்டிலும் வேளாண் விற்பனைத் துறை ஆள் ஒருவர் நின்று, அன்றைய விலையைத் தரம் பிரித்துக் குறிக்க வேண்டும். நம்மூர்த் தம்பி மாதிரி யாரும் வேலைக்குப் பயந்து நிறுத்தும்படி இருக்கக் கூடாது. சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரத்துக்குள் அது ஊராட்சிக்கு வந்து ஒலிபெருக்கியில் சொல்லப்பட வேண்டும், பலகையில் எழுதப்பட வேண்டும். மண்டியில் கொடுக்கும் சீட்டில் எடை, விலை, கமிஷன், கூலி தனித்தனியாக இருக்க வேண்டும், துண்டுக் காகிதத்தில் மொத்தத் தொகை மட்டும் எழுதிக் கொடுப்பது நிற்க வேண்டும். குத்தகைக்குப் பயிர் வைப்பவருக்கும் கூட்டுறவில் பயிர்க்கடன் வேண்டும், அப்போதுதான் முன்பணத்துக்குக் கையேந்தாமல் இருக்கலாம்.

மாலை மூன்று மணிக்கு மனுவை உள்ளே கொண்டுபோகிறோம். அதுவரை யாரும் கலைய வேண்டாம். கையெழுத்துப் போடாதவர்கள் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், கைநாட்டுக்கு மையும் இருக்கிறது. போன மாதத்து மண்டிச் சீட்டு வைத்திருப்பவர்கள் மறக்காமல் கொடுத்துவிட்டுப் போங்கள், நகல் எடுத்து மனுவோடு இணைக்க வேண்டும்.