தாகூர் தேடிச் சென்ற வீடு

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இரவீந்திரநாத தாகூர் என்றவுடன் 1913ஆம் ஆண்டின் நோபல் பரிசும் நீண்ட வெண்தாடியும் கண்முன் வந்து நின்றுவிடுகின்றன. இம்மாலைப் பொழுதின் பேச்சு அந்தத் தாகூரைப் பற்றியதன்று. 1878இல், பதினேழாம் வயதில், சட்டம் பயில வேண்டுமென்று கப்பலேற்றி அனுப்பப்பட்டு, பட்டம் எதுவும் பெறாமலே 1880இல் தாயகம் திரும்பிய மாணவரைப் பற்றியது.

முதலில் அவர் பிரைட்டன் நகரில் தம் அண்ணியாருடன் தங்கினார். பின்னர் லண்டன் சென்று, யூனிவர்சிட்டி கல்லூரியில் ஹென்றி மார்லியின் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் அமர்ந்தார். கல்லூரியைக் காட்டிலும் அவருக்குக் கல்வி தந்தது ஸ்காட் என்னும் மருத்துவரின் இல்லம் என்று சொல்லத் தோன்றுகிறது. வாடகைக்கு அறை தேடிப்போன இடம்தான் அது. இந்தியர் ஒருவர் வந்து தங்கப்போகிறார் என்ற செய்தி கேட்டதும் அந்த வீட்டின் இளைய பெண்கள் இருவர் அஞ்சி உறவினர் வீட்டுக்கு ஓடிவிட்டனர். வந்தவரால் ஆபத்து ஏதுமில்லை என்று தெரிந்தபின்பே திரும்பினர். சில நாள்களில் அந்த வீட்டின் பிள்ளைகளுள் ஒருவராகவே அவர் ஆகிவிட்டார்.

அந்த இல்லத்தரசியைத் தாகூர் மறக்கவேயில்லை. மாலையில் கணவர் வீடு திரும்பும் நேரத்துக்கு முன்னரே கணப்பருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, செருப்பையும் எடுத்து வைத்துக் காத்திருப்பாராம். வீட்டில் இளையவர்கள் கூடி முக்காலியின்மேல் கைகளை வைத்து அதை ஆட வைக்கும் ஆவி விளையாட்டு ஒன்று நடப்பதுண்டு. அம்மையாருக்கு அது பிடிக்காது, ஆயினும் பொறுத்துக்கொள்வார். ஒருநாள் மருத்துவரின் உயர்ந்த தொப்பியை எடுத்து வைத்து ஆட்ட முனைந்தபோது மட்டும் பதறி ஓடிவந்து தடுத்துவிட்டார். கணவர் தலையில் அணிவதைச் சாத்தான் ஒரு நொடியும் தீண்டக்கூடாது! பதிபக்தி என்பது கீழ்த்திசைக்கே உரிய சொத்து என்று எண்ணியிருந்த இளைஞருக்கு இது புதிய பாடம். அந்நாட்களில் அவர் எழுதிய கடிதங்கள் 'பாரதி' இதழில் வெளிவந்தன. ஆங்கிலப் பெண்களின் சுதந்திரத்தை அவர் புகழ்ந்தெழுத, இதழாசிரியரான மூத்த தமையனார் த்விஜேந்திரநாதர் தம்பியின் கருத்துக்கு அடியிலேயே மறுப்புக் குறிப்புகள் சேர்த்து அச்சிட்டார். தமையன் பத்திராதிபராக இருப்பதில் இப்படியும் ஒரு சங்கடம் உண்டு.

தந்தையாரின் கட்டளை வந்தது, புறப்பட வேண்டியதாயிற்று. இவ்வளவு விரைவில் போவதானால் ஏன் வந்தாய் என்று கேட்டு அம்மையார் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1890 செப்டம்பரில் தாகூர் மீண்டும் லண்டன் சேர்ந்தார். உடன் வந்தவர்கள் தமையனார் சத்தியேந்திரநாதரும் நண்பர் லோகேன் பாலித்தும். வயது இப்போது இருபத்தொன்பது; மணமாகிவிட்டது; மக்கள் இருக்கின்றனர்; கவிஞர் என்ற பெயரும் வந்துவிட்டது. நகரை அடைந்த மறுநாளே பழைய வீட்டைத் தேடிச் சென்றார். அவருடைய ஐரோப்பியப் பயண நாட்குறிப்பில் இந்நிகழ்ச்சி இருக்கிறது.

கதவைத் திறந்த பணிப்பெண் முகமறியாதவள். அவர்கள் இப்போது இங்கு இல்லை என்றாள். விசாரித்து வருவதாகச் சொல்லி உள்ளே அமர வைத்தாள். முன்பு எல்லாரும் கூடி உண்ட அறை அது. இப்போது மேசைமேல் செய்தித்தாள்களும் புத்தகங்களும் கிடந்தன. வருவோர் காத்திருக்கும் கூடமாக மாறியிருந்தது. சற்று நேரத்தில் ஒரு சீட்டு வந்தது. லண்டனுக்கு வெளியே ஏதோ ஓர் ஊரின் முகவரி அதில் இருந்தது.

அங்கிருந்து வெளியேறியபோது எழுந்த நினைவைத் தாகூர் எழுதி வைத்திருக்கிறார். இறந்துபோன ஒருவன் நெடுங்காலம் கழித்துத் தன் வீட்டு வாயிலுக்கு வந்து, இன்னார் இருக்கிறாரா என்று காவலனிடம் கேட்பதாகக் கற்பனை செய்கிறார். அவரும் போய்விட்டார் என்பது விடை. தான் ஒருவன்தான் போனதாகவும், மற்றவரெல்லாம் வைத்தது வைத்தபடி இருப்பதாகவும் அல்லவா அவன் எண்ணியிருந்தான்! பிரிந்து செல்பவனுக்கு இயல்பாக உண்டாகும் இந்தத் தன்னலத்தை இவ்வளவு நேராகக் கண்டுகொண்ட கவிஞர்கள் அரியர். நினைவில் வீட்டைக் காப்பவன் அதில் வாழ்வோரையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறான். அவர்களோ வாடகை, நோய், திருமணம் என்று தம் வழியே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். 1878இல் அயலாராய் வந்து அந்த வீட்டின் மகனானவர், 1890இல் அதே வாயிலில் அந்தச் சொல்லின் பழம்பொருளுக்கே திரும்பிவிட்டார்.

துயரத்தோடு நிறுத்தாமல் நாட்குறிப்பு அடுத்ததையும் சொல்கிறது. தரையடி ரயிலில் ஏறினார்கள். ஹாமர்ஸ்மித் வரை போய்விட்டார்கள். அதன் பிறகுதான் வண்டி தங்கள் வழியில் செல்லவில்லை என்று தெரிந்தது. திரும்பி வரவேண்டியதாயிற்று. மனம் உடைந்த நாளிலும் மனிதன் தவறான வண்டியில் ஏறுகிறான் என்பதை மறைக்காமல் எழுதியது நாட்குறிப்பின் நேர்மை.

1912இல் நூலாக வெளிவந்த 'ஜீவன்ஸ்மிருதி' என்ற நினைவுக் குறிப்புகளில் இந்தத் தேடலின் அலைச்சல் இல்லை. அந்தக் குடும்பத்தாருள் யார் இருக்கிறார், யார் மறைந்தார் என்று தமக்குத் தெரியாதென்றும், அந்த வீடு மட்டும் உள்ளத்தில் நிலைத்திருக்கிறதென்றும் அவர் அங்கே அமைதியாகச் சொல்லிவிடுகிறார். அழகான பகுதிதான், பலரும் எடுத்துக்காட்டுவது. ஆயினும் கவிதை எழுதுவோர் முதலில் படிக்க வேண்டியது நாட்குறிப்பைத்தான். பணிப்பெண்ணும், மேசைமேல் கிடந்த செய்தித்தாளும், கையில் கொடுக்கப்பட்ட சீட்டும் அங்கேதான் இருக்கின்றன.