மனுஷகுமாரன்னா சும்மா மனுஷனா?

போன எபிசோடுல ‘கிறிஸ்து’ன்னா அபிஷேகம் பண்ணப்பட்டவர்னு பார்த்தோம். இன்னைக்கு ‘மனுஷகுமாரன்’. திருவிவிலியம் படிக்கிறவங்களுக்கு ‘மானிட மகன்’.

நம்மில் பலர் இதை ஈஸியா பிரிச்சு வெச்சிருக்கோம்: தேவகுமாரன்னா தெய்வத்தன்மை, மனுஷகுமாரன்னா மனிதத்தன்மை. கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனா மாற்கு 14-ஆம் அதிகாரத்துல இது நிக்காது.

விசாரணை நடக்குது. நீ கிறிஸ்துவான்னு பிரதான ஆசாரியர் கேட்கிறார். இயேசு ஆமான்னு சொல்லிட்டு, மனுஷகுமாரன் கடவுளோட வலதுபக்கத்துல உட்கார்ந்திருக்கிறதையும் மேகங்களோட வர்றதையும் நீங்க பார்ப்பீங்கன்னு சொல்றார். உடனே ஆசாரியர் உடையைக் கிழிச்சுக்கிறார். தேவதூஷணமாம்! ‘நான் மனுஷன்’னு சொன்னதுக்கா இவ்வளவு கோபம்?

காரணம், தானியேல் 7. அங்க ராஜ்யங்கள் மிருகங்களா வருது: சிங்கம், கரடி, சிறுத்தை, அப்புறம் எதோடயும் ஒப்பிட முடியாத நாலாவது ஒண்ணு. அதுக்குப் பிறகுதான் மனுஷ சாயல்ல ஒருவர் மேகங்களோட வர்றார். அழியாத அரசாட்சி அவருக்குக் கிடைக்குது.

அரமேயத்துல ‘பர் எனாஷ்’னா சாதாரணமா ‘மனுஷன்’தான். எசேக்கியேலைக் கடவுள் கூப்பிடறதும் கிட்டத்தட்ட இப்படித்தான், 90 தடவைக்கு மேல. அதனால இந்தச் சொல்லுக்குள்ள மறைஞ்சும் நிக்கலாம், அரியணையை உரிமையும் கோரலாம். ‘மேசியா’ன்னு சொன்னா ஜனங்களுக்கு ரோமை விரட்டுற ராஜாதான் ஞாபகம் வருவார். இயேசு தனக்கு இந்தப் பட்டத்தையே அதிகமா வெச்சுக்கிட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

மிருகங்களுக்குப் பிறகு ஆளப்போறவர் அந்த ராத்திரி கைதியா நிக்கிறார். தீர்ப்புக்கு அடுத்த வசனத்துலயே அவர் முகத்தை மூடிக் குத்துறாங்க.