கடனுக்கு மூன்று வருடம். காயத்துக்கு எத்தனை வருடம்?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடை நடத்தும் பெரியவர்களே! நாளை கடை நடத்தப்போகும் இளைஞர்களே!

உங்களில் புரோநோட்டுக்குக் கடன் கொடுக்காதவர்கள் எத்தனை பேர்? நோட்டு எழுதி மூன்று வருடம் நெருங்கும்போது என்ன செய்கிறீர்கள்? கடன் வாங்கியவரைத் தேடிப்பிடித்து நூறு ரூபாயாவது வாங்கி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறீர்கள். ஏன்? விட்டுவிட்டால் நோட்டு காலாவதி! கடன் கொடுத்தது உண்மை, கையெழுத்தும் உண்மை. ஆனால் தேதி போய்விட்டது. கோர்ட்டில் வழக்கு நிற்காது. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் அப்படி.

இதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. காலம் போனால் சாட்சி இறந்துவிடுவார், காகிதம் தொலைந்துவிடும். பழைய கணக்கைக் காட்டி ஒரு மனிதரை ஆயுள் முழுக்க மிரட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வியாபாரத்துக்கு இது சரி.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! எட்டு வயதுக் குழந்தையை நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரே பாலியல் கொடுமைக்கு ஆளாக்குகிறார். அந்தக் குழந்தை எந்த நோட்டின் பின்பக்கம் வரவு எழுதும்? நடந்ததற்குப் பெயர்கூட அதற்குத் தெரியாது. தவறு தன்மீதுதான் என்று நினைத்துக்கொள்கிறது. வெளியே சொன்னால் அடி விழும் என்று பயப்படுகிறது. துணிந்து சொன்னாலும் வீட்டில் நம்புவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஒரு ராயல் கமிஷன் இதை விசாரித்தது. பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரைத் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டது. அவர்கள் முதன்முதலாக வாய் திறக்கச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன! பத்து வயதில் நடந்ததை 34 வயதில்தான் ஒருவர் சொல்கிறார். அதற்குள் சட்டம் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதுதான் நடந்தது. கொடுமையைத் தடுக்கத் தவறிய நிறுவனத்தின்மீது நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் பொதுவாக 21 வயதுக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். கொடுமை செய்தவர்மீது என்றால் 23 வயதுக்குள். அதன்பின் கோர்ட் கேட்காது. இதை மாற்றக் கோரிப் பாதிக்கப்பட்டவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் காப்பீட்டு நிறுவனங்களும் எதிர்த்தன. கீழ்சபை பலமுறை நிறைவேற்றிய மசோதா மேல்சபையில் முடங்கியது. 2018 தேர்தலில் மேல்சபையின் பெரும்பான்மை மாறியது. 2019 பிப்ரவரி 14இல் சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டம் இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று, சிவில் வழக்குக்கான வயது வரம்பை 55 ஆக உயர்த்தியது. இரண்டு, ஏற்கெனவே காலாவதியாகிப் போனவர்களுக்கும் ஒரு வருடம் கதவைத் திறந்துவிட்டது. 2019 ஆகஸ்ட் 14இல் திறந்த அந்தக் கதவு, கொரோனா காரணமாக 2021 ஆகஸ்ட் 14 வரை நீட்டிக்கப்பட்டது. முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கான வழக்குகள். முடிவில் பத்தாயிரத்துக்கும் மேல்! எழுபது வயது முதியவர்கள்கூட ஏழு வயதில் நடந்ததைச் சொல்ல வந்தார்கள்.

"கிழட்டு வயதில் பணம் எதற்கு?" என்று கேட்காதீர்கள். குற்ற வழக்கு குற்றவாளியைப் பிடிக்கும். சிவில் வழக்கோ, அவனை மறைத்த நிர்வாகத்தைப் பிடிக்கும். பூட்டி வைத்த கோப்புகளைக் கொண்டுவா என்று கோர்ட் கேட்கும். யாருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தபின் அவனை எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.

"பொய் வழக்கு வராதா?" வரலாம். அதைச் சோதிக்கத்தான் கோர்ட். கதவைத் திறப்பது தீர்ப்புச் சொல்வதாகாது. நிரூபிக்கும் பொறுப்பு வழக்குப் போட்டவர்மீதுதான். பொய் வரும் என்று பயந்து உண்மையையும் வெளியே நிறுத்துவது நீதியா?

சகோதரர்களே! இது தேவாலயத்து விவகாரம் என்று யாரும் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம் 2025இல் 400 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த வழக்குகள் அரசின் சிறார் இல்லங்களிலும் காப்பகங்களிலும் நடந்ததாகச் சொல்லப்பட்டவை பற்றியவை. பள்ளிக்கூடம், விடுதி, டியூஷன் வீடு, உறவினர் வீடு, நம் மதரஸா என எங்கே குழந்தையும் அதிகாரமும் தனிமையும் சேர்கின்றனவோ அங்கே ஆபத்து உண்டு.

நம் நாட்டில் நிலை என்ன? காலவரம்புச் சட்டப்படி, சிறுவயதில் நேர்ந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்க, 18 வயது நிறைந்தபின் அதிகபட்சம் மூன்று வருடம்தான். அதாவது 21! நியூயார்க் 2019இல் கைவிட்ட அதே கணக்கு. இதை மாற்ற நாமும் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். குற்றப் புகாரின் நிலை வேறு. மூன்றாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. வயது ஏறிவிட்டது என்று காவல் நிலையத்தில் சொன்னால் நம்பித் திரும்பிவிடாதீர்கள். வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி நம் பக்கத்துக் குற்றத்துக்கு வருகிறேன். ஒருமுறை கூட்டம் கலைந்தபின் ஐம்பது வயது தாண்டிய ஒரு வியாபாரி என்னருகே வந்து உட்கார்ந்தார். ஒன்பது வயதில் தனக்கு நடந்ததைச் சொன்னார். அன்றே வாப்பாவிடம் சொன்னாராம். "வாயைத் திறக்காதே, உன் லாத்தாமார்களைக் கரையேற்ற வேண்டும்" என்றாராம் வாப்பா. பிறகு, "ஹஜ்ரத், போன மாதம் அந்த ஆளுக்கு முதல் சஃப்பில் நின்று ஜனாஸாத் தொழுதேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவருடைய கதவைப் பூட்டியது சட்டம் மட்டுமா? இல்லை! முதல் பூட்டைப் போட்டது வீடு. இரண்டாவது பூட்டைப் போடுவது ஊர். "குடும்ப மானம், ஜமாஅத்தின் பெயர், பேசி முடித்துவிடலாம்" என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் குற்றவாளியின் கணக்கில் வரவாகிறது. அந்த வரவை எழுதுவது நம் கைதான்!

பேசி முடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பதே குற்றம். தெரிந்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. தலைவர், முத்தவல்லி, தாளாளர் என்ற பதவி யாரையும் காப்பாற்றாது.

வாப்பாமார்களே! பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். அடுத்து எழுதி வையுங்கள்: தேதி, இடம், பிள்ளை சொன்ன வார்த்தைகள். கடனுக்கு நோட்டு எழுதும் கை இதற்கும் எழுதட்டும். அன்றே 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். இளைஞர்களே! உங்களுக்கு நடந்திருந்தால் வெட்கம் உங்களுடையதல்ல. 21 வயது தாண்டாதவர்கள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தாண்டியவர்களும் வாயடைத்துப் போக வேண்டாம்.

பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானிதம். அமானிதத்துக்குக் காலாவதி உண்டா? நீங்களே சொல்லுங்கள்!