தூண்டிலும் பெருஞ்சுறாவும்



மீன் பிடித்தல் சிலருக்குப் பிழைப்பு. வேறு சிலருக்குப் பொழுதுபோக்கு. ஆழ்கடலுக்குப் படகில் சென்று, கையிற் பிடித்த ஒரு தூண்டிற் கோலினால் பெருஞ்சுறாவை மடக்குவதை ஒரு விளையாட்டாகவே சில நாடுகளில் போற்றி வருகின்றனர். இதற்கு விதிகள் வகுத்துச் சாதனைகளைப் பதிவு செய்ய 1939ஆம் ஆண்டில் அனைத்துலகச் சங்கம் ஒன்றும் தோன்றிற்று.

அச்சங்கத்தின் ஏட்டில் இன்றளவும் தலைமையிடம் பெற்றிருக்கும் மீன், 1959 ஏப்ரல் 21ஆம் நாள் தென் ஆஸ்திரேலியாவின் செடுனா என்னும் ஊரையடுத்த கடலிற் பிடிபட்ட வெள்ளைச் சுறா. பிடித்தவர் ஆல்பிரட் டீன். தொழிலால் அவர் பழத்தோட்டக்காரர். சுறாவின் எடை 2,664 ராத்தல், அதாவது 1,208 கிலோகிராம். நீளம் 16 அடி 10 அங்குலம். அவர் கையாண்ட கயிறோ 130 ராத்தல் இழுப்பையே தாங்கவல்லது!

இஃது எவ்வாறு இயலும் என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். நீரிலுள்ள சுறாவின் பாரம் கரையிலுள்ள பாரமன்று. சுறாவுக்குக் காற்றுப்பை இல்லையெனினும், எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் அதனைப் பெரும்பாலும் மிதக்க வைக்கிறது. ஆகவே தூண்டிற்காரர் தூக்குவது மீனின் எடையை அன்று. அவர் எதிர்ப்பது அதன் ஓட்டத்தை. கயிறு சுற்றிய உருளையில் ஒரு தடை பொருத்தப்பட்டுள்ளது. கயிற்றின் வலிமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இழுப்பிலேயே அத்தடை வழுகிக் கயிற்றை விட்டுக்கொடுக்கும். சுறா ஓடும், கயிறு செல்லும், படகும் பின்தொடரும். அது சற்றுத் தளர்ந்தவுடன் சுற்றிக்கொள்ள வேண்டும். டீன் அந்தச் சுறாவை 50 நிமிடங்களில் வசப்படுத்தினார். முள்ளுக்கு அருகில் மட்டும் எஃகுக் கம்பி இருக்கும். ஏனெனில் பற்களைப் போலவே சுறாவின் சொரசொரப்பான தோலும் சாதாரணக் கயிற்றை அராவி அறுத்துவிடும். கம்பி எட்டும் தூரத்திற்கு வரும்வரை, உடனிருப்போர் எவரும் கோலையோ கயிற்றையோ தொடலாகாது என்பது விதி.

ஆனால் இவ்வாட்டத்தில் எதிராளி எளிதிற் பெருகும் இனம் அன்று. வெள்ளைச் சுறா எழுபது ஆண்டுகள்வரை வாழக்கூடியது. பெண் சுறா குட்டி ஈனும் பருவம் எய்தவே பல்லாண்டுகள் ஆகும். ஈனும் குட்டிகளும் சிலவே. கோப்பைக்காகக் கொல்லப்படும் மிகப் பெரிய மீன் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதால், இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை. இதனை உணர்ந்து தென்னாப்பிரிக்கா 1991ஆம் ஆண்டில் வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. டீனின் நாடாகிய ஆஸ்திரேலியாவும் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அவ்வாறே செய்தது.

அதனால் இவ்விளையாட்டு ஒழிந்துவிடவில்லை, உருமாறியது. பிற சுறாக்களைப் பிடித்து, அடையாளச் சீட்டுப் பொருத்தி மீண்டும் கடலில் விடுவோர் பலர். அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் 1962ஆம் ஆண்டு முதல் அரசாங்க மீனியல் அறிஞர்கள் இத்தகைய தூண்டிற்காரர்களின் துணையைப் பெற்று வருகின்றனர். எடைக்கல்லருகே நின்று படம் எடுத்துக்கொள்வதைக் காட்டிலும் இதுவே ஆண்மை என்பது என் கருத்து, மறுப்போரும் உண்டு.

விடுவித்தலிலும் ஒரு கண்டிப்பு வேண்டும். நெடுநேரம் போராடிய சுறாவின் தசைகளிலும் இரத்தத்திலும் அமிலம் மிகுகிறது; நீந்திச் சென்ற பின்னரும் அது மடியக்கூடும். ஆதலின் வலிய கயிறு கொண்டு போராட்டத்தை விரைவில் முடித்தல் நன்று. வளைந்த வட்ட முள், குடலிற் பாயாமல் வாயோரத்தில் மாட்டும். சுறாவைப் படகில் ஏற்றாமல், நீரில் வைத்தே முதுகுத் துடுப்பின் அடியிற் சீட்டைக் குத்தி, கம்பியை முள்ளின் அருகே வெட்டிவிடுவர். சீட்டில் ஓர் எண் இருக்கும். அவ்வாறு விடப்பட்ட நீலச் சுறாக்கள் சில, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து ஐரோப்பியக் கரையோரத்தில் வேறொருவர் தூண்டிலில் மீண்டும் அகப்பட்டுள்ளன. அந்த எண்ணும் கடிதத்தில் திரும்பி வந்தது.