“அப்பவே ஏன் சொல்லேல்ல?”
(நாரந்தனையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிறுவயதில் இல்லத்திலோ விடுதியிலோ பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருவர் வளர்ந்த பிறகு வாய் திறந்தால், ஊர் முதலில் கேட்பது, “அப்பவே ஏன் சொல்லேல்ல?” என்றுதான். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பதில் தெரியும்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையும் பேரும் அதே நிர்வாகத்தின் கையில். கங்காணி கை நீட்டினாலும் பெண்கள் பொறுத்துப் போனது இதனால்தான். வேலை போனால் கூரையும் போகும். உழைத்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே இந்த நிலை. சோறு, படுக்கை, படிப்பு மூன்றையும் ஒரே ஆளிடம் பெறும் எட்டு வயதுப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

மாத்தளையில் ஆச்சிரமம் நடத்திய பிரேமானந்தா 1983 கலவரத்துக்குப் பின் தமிழ்நாட்டுக்குப் போனார். திருச்சிக்கு அருகே பாத்திமா நகரில் ஆச்சிரமம் அமைத்தார். இலங்கையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். அவர்களுக்கு அவரே சாமி, அவரே தகப்பன். ஊர் திரும்பினால் யுத்தம். 1994 இல் ஆச்சிரமத்தை விட்டு வெளியேறிய பெண்கள் பேசிய பிறகே விஷயம் வெளிவந்தது. 13 பெண்களை வன்புணர்ந்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997 இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கவனியுங்கள்: உள்ளே இருந்தவரை வாய் திறக்க வழியில்லை. வெளியே கால் ஊன்ற இடம் கிடைத்த பிறகே பேச்சு வந்தது.

அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை அரச ஆணைக்குழுவொன்று, நிறுவனங்களில் பாதிக்கப்பட்ட 8,000 பேருக்கு மேற்பட்டோரைத் தனித்தனியே கேட்டது. அவர்கள் முதன்முதலாக ஒருவரிடம் சொல்லவே சராசரியாக 24 ஆண்டுகள் வரை எடுத்திருந்தார்கள்.

நமது சட்டத்தோடு இதை ஒப்பிடுங்கள். இலங்கைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவு சொல்லும் பொது விதிப்படி, கொலையும் இராஜதுரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எட்டு வயதில் பாதிக்கப்பட்டவருக்கு 28 வயதில் கதவு பூட்டப்படுகிறது. அவருக்குப் பேச்சு வரும்போது வயது 32.

எல்லா இல்லங்களையும் குறை சொல்லவில்லை. பல இல்லங்கள் நம் பிள்ளைகளை ஆளாக்கின. யுத்தம் தீவகத்துப் பிள்ளைகளை இல்லங்களுக்கு அனுப்பியது. வறுமை தோட்டத்துப் பிள்ளைகளை இன்னும் அனுப்புகிறது. நல்ல இல்லம் நாலு பேர் வந்து பார்ப்பதற்குப் பயப்படாது.

ஆகவே, பிள்ளையை அனுப்பினால் அடிக்கடி போய்ப் பாருங்கள், தனியாகப் பேசுங்கள். “என்ன நடந்தாலும் வீட்டுக்கு வரலாம்” என்று சொல்லி அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு இந்த 20 ஆண்டு எல்லை கூடாது என்பதைச் சம்பளக் கோரிக்கையைப் போலவே சங்கம் உரத்துக் கேட்க வேண்டும்.

பிந்திச் சொன்னவரிடம் “ஏன் பிந்தினாய்?” என்று கேட்காதீர்கள். “இப்போது என்ன உதவி வேண்டும்?” என்று கேளுங்கள்.